கையாடிய பணம் சூதாட்ட மேசைக்குப் போனால் யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கணக்காளர் முதலாளியின் பணத்தைக் கையாடிப் பந்தயத்தில் தொலைக்கிறார். பிடிபடுகிறார், சிறைக்குப் போகிறார், பத்திரிகையில் அவருடைய படம் வருகிறது. பணம் மட்டும் வருவதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதோ ஊருக்கே தெரியும்: சூதாட்ட நிறுவனத்தின் ஆண்டு வருவாயில் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்க முடியுமா என்பதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே. பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் பிரிட்டனைச் சேர்ந்தவை. இந்த விவகாரம் நீதிமன்றத்திலும் கட்டுப்பாட்டு ஆணையத்திலும் அங்குதான் அதிகம் அலசப்பட்டிருக்கிறது.

திருடியவர்தானே குற்றவாளி? சூதாட்ட நிறுவனத்தை ஏன் இழுக்க வேண்டும்?

குற்றவாளி அவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாரைத் தண்டிப்பது என்பது ஒரு கேள்வி. பணம் யாரிடம் இருக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. திருட்டு சைக்கிளைத் தெரியாமல் வாங்கியவரைச் சிறையில் போடமாட்டார்கள். ஆனாலும் உரிமையாளர் வந்து கேட்டால் சைக்கிளைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சூதாட்ட நிறுவனங்கள் எப்போதும் முதல் கேள்விக்கே பதில் சொல்கின்றன: "நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை." இரண்டாவது கேள்விக்கு அது பதிலாகாது.

சைக்கிளுக்குச் சரி. பணம் அப்படியல்லவே? திருட்டு நோட்டை வாங்கிய மளிகைக் கடைக்காரர் அதைத் திருப்பித் தருவதில்லையே?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் 1758ஆம் ஆண்டு மில்லர் எதிர் ரேஸ் என்ற வழக்கில் இருக்கிறது. இங்கிலாந்தில் தபால் வண்டியைக் கொள்ளையடித்தவர்கள் ஒரு வங்கி நோட்டை எடுத்துச் சென்றார்கள். அது பிறகு ஒரு விடுதிக்காரர் கைக்கு வந்தது. அவருக்குத் திருட்டு விவரம் தெரியாது. நோட்டுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே வாங்கியிருந்தார். நோட்டு விடுதிக்காரருக்கே சொந்தம் என்று மேன்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். கைமாறும் ஒவ்வொரு நோட்டின் பூர்வீகத்தையும் விசாரிக்க வேண்டுமென்றால் வியாபாரம் நடக்காது என்பதே அதன் அடிப்படை.

இந்தப் பாதுகாப்பு கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. பணத்தை நல்லெண்ணத்துடன் பெற்றிருக்க வேண்டும். அதற்கு ஈடாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். சட்டம் இதை மறுபயன் என்கிறது. மளிகைக் கடைக்காரர் அரிசி கொடுத்தார். சூதாட்ட விடுதி என்ன கொடுத்தது? இந்தக் கேள்வி நீதிமன்றத்தில் உரிய முறையில் எழ 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அது எந்த வழக்கு?

லிப்கின் கோர்மன் எதிர் கார்ப்னேல். லிப்கின் கோர்மன் என்பது லண்டனில் இருந்த ஒரு வழக்கறிஞர் நிறுவனம். கார்ப்னேல் என்ற நிறுவனம்தான் பிளேபாய் கிளப்பை நடத்திவந்தது. வழக்கறிஞர் நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் தீராத சூதாடி. நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில், அதாவது கட்சிக்காரர்களின் பணம் இருக்கும் கணக்கில், தனியாகக் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. 1980ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் காசோலை மேல் காசோலையாகப் பணம் எடுத்தார். சிறிதளவு திரும்பக் கட்டினார். கடைசியில் கணக்கில் விழுந்த பற்றாக்குறை ஏறத்தாழ 2,23,000 பவுண்டு. பெரும்பகுதி கிளப்பின் மேசைகளில் போயிற்று.

கிளப்புக்கு இவர் திருடுகிறார் என்று தெரியாது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. முதல் நிபந்தனையான நல்லெண்ணம் இருந்தது. எனவே வழக்கு முழுக்க இரண்டாவது நிபந்தனையின் மேல் நின்றது.

கீழ் நீதிமன்றங்களில் வழக்கறிஞர் நிறுவனத்துக்கு முக்கியக் கோரிக்கையில் வெற்றி கிடைக்கவில்லை. 1991 ஜூனில் பிரபுக்கள் சபை, அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்று 1845ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் சொல்லியிருந்தது. ஒப்பந்தமே செல்லாதபோது, விடுதி பந்தயத்துக்கு ஈடாக எதையும் கொடுத்ததாகச் சட்டத்தின் கண்ணில் ஆகாது. தோற்றவர் பணத்தைக் கட்டினால் அது அன்பளிப்புக்குச் சமம். ஜெயித்தவருக்கு விடுதி கொடுத்தாலும் அதுவும் அன்பளிப்பே. திருட்டுப் பணத்தை அன்பளிப்பாகப் பெற்றவர், எவ்வளவு அப்பாவியாக இருந்தாலும், அதை வைத்துக்கொள்ள முடியாது. கிளப் சுமார் ஒன்றரை லட்சம் பவுண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

நியாயமின்றிப் பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோட்பாடு ஆங்கிலச் சட்டத்தில் தனித்து நிற்கத் தொடங்கியதே இந்தத் தீர்ப்பிலிருந்துதான். சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். ஒரு சூதாடியால் சட்டத்துக்குக் கிடைத்த லாபம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பணத்துக்கு ஈடாகச் சில்லுகள் கொடுத்தோமே என்று கிளப் சொல்லவில்லையா?

சொன்னது. சூதாட்ட விடுதியில் நேரடியாகப் பணம் வைத்து ஆடுவதில்லை. பணத்தைக் கொடுத்து நிறம் நிறமான பிளாஸ்டிக் சில்லுகளை வாங்கிக்கொள்வார்கள். சில்லுகளைக் கொடுத்ததே மறுபயன் என்பது கிளப்பின் வாதம். அந்தச் சில்லுகளைக் கொண்டு அங்கே குளிர்பானமும் சாப்பாடும்கூட வாங்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள்.

தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவரான கோஃப் பிரபு இதற்கு ஒரு பெரிய கடையை உதாரணம் காட்டினார். வாடிக்கையாளர் கடையில் பணத்தைக் கட்டி வில்லைகளை வாங்கிக்கொண்டு, பிறகு அந்த வில்லைகளைக் கொடுத்துப் பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வில்லை கைக்கு வந்ததாலேயே பண்டம் வந்துவிட்டதாகுமா? ஆகாது. சில்லு வெறும் வசதிக்கான ஏற்பாடு. அதன் உரிமைகூடக் கிளப்பிடமே இருந்தது. வாதம் நிற்கவில்லை.

இடையில் அவர் ஜெயித்த பணமும் உண்டல்லவா? அதைக் கழிக்க வேண்டாமா?

கழித்தார்கள். பணத்தைப் பெற்றவர் அதை நம்பி நல்லெண்ணத்துடன் தன் நிலையை மாற்றிக்கொண்டிருந்தால், அந்த அளவுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற தற்காப்பையும் இதே தீர்ப்புதான் ஆங்கிலச் சட்டத்தில் நிலைநாட்டியது. பந்தயத்தை ஏற்றதாலேயே கிளப் பரிசு கொடுக்க நேர்ந்தது. எனவே ஒவ்வொரு பந்தயத்தையும் தனித்தனியாகப் பிரிக்காமல் மொத்தமாகக் கணக்கிட்டுக் கிளப்பின் கையில் மிஞ்சியது எவ்வளவு என்று பார்த்தார்கள். அதில் திருட்டுப் பணத்தின் பங்கு குறைந்தது 1,54,695 பவுண்டு. திருடியது 2,23,000, திரும்பியது ஒன்றரை லட்சம் என்ற இடைவெளிக்கு ஒரு காரணம் இதுதான்.

அப்படியானால் பிரிட்டனில் இன்று யார் வழக்குப் போட்டாலும் ஜெயிக்கலாமா?

முடியாது. பலர் லிப்கின் கோர்மனை மட்டும் படித்துவிட்டு இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 1845 சட்டத்தின் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. 2007 செப்டம்பர் 1 முதல் பிரிட்டனில் பந்தயம் ஒரு சாதாரண ஒப்பந்தம். நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கூடியது. ஜெயித்த சூதாடி பணம் தர மறுக்கும் நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாம் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. நோக்கம் நியாயமானதே. ஆனால் அதன் மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. ஒப்பந்தம் செல்லுமென்றால் ஜெயிக்கும் வாய்ப்பைக் கொடுத்ததே மறுபயன் ஆகிறது. "ஈடாக எதையும் கொடுக்கவில்லை" என்ற ஆயுதம் பணத்தை இழந்தவரின் கையிலிருந்து நழுவிவிட்டது.

எனவே இன்றைய சண்டை முதல் நிபந்தனைக்குத் திரும்பியிருக்கிறது: நிறுவனத்துக்கு என்ன தெரியும், எதைக் கேட்டிருக்க வேண்டும், எதைக் கேட்காமல் விட்டது? சூதாட்டத் தொழிலை மரியாதைக்குரிய வணிகமாக்கிய அதே சட்டம், மரியாதைக்குரிய வணிகர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கும் கடமையையும் அதன் தலையில் வைத்திருக்கிறது. இனி வரும் பதில்கள் எல்லாம் அந்தக் கடமையைப் பற்றியவை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

முழுமையாகத் தெரியாதுதான். ஆனால் எவ்வளவு தெரிந்திருக்கலாம் என்பதற்கு 2018இல் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் வில்லியம் ஹில் நிறுவனத்தின் மேல் எடுத்த நடவடிக்கையைப் பாருங்கள். மொத்தத் தண்டத் தொகை குறைந்தது 62 லட்சம் பவுண்டு. ஆணையம் வெளியிட்ட விவரங்களில் இரண்டு மட்டும் போதும்.

ஒரு வாடிக்கையாளர் 14 மாதங்களில் 5,41,000 பவுண்டு கட்டியிருக்கிறார். அவருக்கு ஆண்டுக்கு 3,65,000 பவுண்டு வருமானம் இருக்கக்கூடும் என்று நிறுவனம் ஒரு வாய்ப்பேச்சை வைத்தே ஊகித்துக்கொண்டது. உண்மையில் அவருடைய சம்பளம் சுமார் 30,000 பவுண்டு. மீதி, வேலை பார்த்த இடத்தில் திருடியது. இன்னொருவர் ஒன்பது மாதங்களில் 6,54,000 பவுண்டு கட்டினார். வாடகை வீட்டில் இருந்தார், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, சம்பளம் அதே 30,000 அளவில்தான். பணம் எங்கிருந்து வந்தது என்ற சோதனை எதுவும் நடக்கவில்லை.

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் தன் இருபது ஆண்டுச் சம்பளத்தை ஒன்பது மாதத்தில் கட்டுகிறார் என்றால் எங்கள் ஊர் அடகுக்கடைக்காரரே நெற்றியைச் சுருக்குவார். ஒவ்வொரு சொடுக்கையும் பதிவு செய்யும் கணினிகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது தோன்றவில்லையாம்.

முந்தைய ஆண்டில், 2017இல், 888 என்ற இணையச் சூதாட்ட நிறுவனம் 78 லட்சம் பவுண்டு கட்ட நேர்ந்தது. அங்கே ஒரு வாடிக்கையாளர் 13 மாதங்களில் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் பந்தயம் வைத்திருந்தார். அதில் 55,000 பவுண்டு முதலாளியிடமிருந்து திருடியது. சூதாட்டத்திலிருந்து தங்களை விலக்கி வைக்கும்படி எழுதிக் கொடுத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை அந்த நிறுவனம் தொடர்ந்து ஆடவிட்டிருந்ததும் அப்போது வெளியே வந்தது.

தங்க முட்டையிடும் வாத்தைப் பற்றி நிறுவனம் ஒன்றுமே தெரிந்துகொள்ளாதா?

தெரிந்துகொள்ளும். அதிகம் இழக்கும் வாடிக்கையாளருக்கு "வி.ஐ.பி." என்று பெயர் வைத்து ஒரு தனி மேலாளரையே கொடுப்பார்கள். அந்த மேலாளருக்கு வாடிக்கையாளரின் பிறந்தநாள் தெரியும், பிடித்த அணி தெரியும், எந்த நேரத்தில் ஆடுவார் என்பது தெரியும், இரண்டு நாள் ஆடாவிட்டால் எந்தச் சலுகையைக் காட்டி அழைக்க வேண்டும் என்பதும் தெரியும். சம்பளம் மட்டும் தெரியாது. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம் இருக்கும்போது கேட்காமல் இருப்பதே லாபம். இந்த விவகாரத்தில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

இதன் உச்சத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர், நிறுவனத்தின் மின்னணுக் கடன் அட்டை ஏற்பாட்டைப் பயன்படுத்தி 2.2 கோடி டாலருக்கு மேல் கையாடினார். 2024 மார்ச்சில் அவருக்கு ஆறரை ஆண்டுச் சிறை. பணத்தின் பெரும்பகுதி ஃபேன்டூயல் என்ற பந்தயச் செயலியில் போனது. அது, அந்த அணி ஆடும் என்.எஃப்.எல். விளையாட்டு அமைப்பின் அதிகாரப்பூர்வப் பந்தயக் கூட்டாளிகளில் ஒன்று. சிறையிலிருந்தபடியே அவர் அந்த நிறுவனத்தின் மேல் சுமார் 25 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். தன் அடிமைத்தனம் தெரிந்தும் வி.ஐ.பி. மேலாளர் இடைவிடாமல் தூண்டினார், 11 லட்சம் டாலர் அளவுக்குப் பந்தயச் சலுகைகளைக் கொடுத்தார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. திருடியவரே நட்டஈடு கேட்பதைப் படித்துப் பலர் சிரித்தார்கள். சிரிப்பு நியாயமே. ஆனால் அந்த 11 லட்சத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஓர் ஊழியருக்கு அவ்வளவு சலுகை கொடுக்குமளவுக்கு அவரிடமிருந்து வருமானம் வந்திருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் அந்த நிறுவனத்துக்குள் இருந்திருக்க வேண்டுமல்லவா?

அப்படியானால் சூதாடியவரே வழக்குப் போட்டு ஜெயிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. 2008இல் இங்கிலாந்தில் பந்தய நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்துவிட்டு வில்லியம் ஹில் மேல் வழக்குப் போட்டார். தன்னை விலக்கி வைக்கும்படி அவர் கேட்டிருந்தும் நிறுவனம் செய்யவில்லை. ஆனால் அங்கே தடுத்திருந்தாலும் வேறு இடத்தில் போய் இழந்திருப்பார் என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆஸ்திரேலியாவில் 2013இல் ககாவஸ் எதிர் கிரவுன் வழக்கிலும் உயர் நீதிமன்றம் (அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான்) சூதாடியவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சூதாடுவதற்காக முன்பு ஒரு நிதி நிறுவனத்தை ஏமாற்றிச் சிறைக்குப் போய் வந்தவர் அவர் என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

பணத்தை இழந்த மூன்றாம் நபரின் வழக்கு இதிலிருந்து வேறுபட்டது. "நீயாகத்தானே ஆடினாய்" என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது நிறுவனங்களுக்கு வசதி.

ஆணையம் விதிக்கும் தண்டம் பணத்தை இழந்தவருக்குப் போகிறதா?

சில நேரம் மட்டும். 2017இல் காலா இன்டராக்டிவ் நிறுவனம் 23 லட்சம் பவுண்டு கட்டியது. இரண்டு வாடிக்கையாளர்கள் திருடிய 13 லட்சம் பவுண்டை அங்கே இழந்திருந்தார்கள். அந்தத் தொகை பணத்தை இழந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்டது, மீதி சூதாட்டத் தீங்கைக் குறைக்கும் பணிகளுக்கு. ஆனால் எல்லா நடவடிக்கையும் இப்படி முடிவதில்லை. தண்டம் அறப்பணிக்கோ அரசுக் கருவூலத்துக்கோ போய்விட்டால், பணத்தைப் பறிகொடுத்த சிறு நிறுவனம் பத்திரிகையில் செய்தியைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். 2018இல் பேடி பவர் பெட்ஃபேர் நிறுவனம் 22 லட்சம் பவுண்டு கட்டிய விவகாரத்தில், திருட்டுக்கு ஆளானது பர்மிங்காமில் தெருநாய்களைப் பராமரிக்கும் ஒரு தொண்டு இல்லம். அதன் தலைமை நிர்வாகியே கையாடியிருந்தார்.

நிறுவனங்கள் ரகசியமாகப் பணம் கொடுத்து முடித்துக்கொள்வதாகச் சொல்கிறார்களே?

நடந்திருக்கிறது. லாட்புரோக்ஸ் நிறுவனம், துபாயில் இருந்த ஒரு வாடிக்கையாளர் மற்றவர்களிடமிருந்து திருடித் தன்னிடம் இழந்த பணத்துக்காக, பணத்தை இழந்தவர்களுக்குச் சுமார் 10 லட்சம் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. அவர்கள் சூதாட்ட ஆணையத்திடம் புகார் கொண்டுபோகக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை. 2018இல் கார்டியன் நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு, லாட்புரோக்ஸ் கோரல் தன் முந்தைய தவறுகளுக்காக 59 லட்சம் பவுண்டு கட்டியது.

இப்படிப்பட்ட ஒப்பந்தம் உங்கள் முன் நீட்டப்பட்டால் என்ன செய்வது? பணம் தேவை என்றால் மறுப்பது எளிதல்ல. ஆனால் வாயை அடைக்கும் நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கட்டுப்பாட்டு அமைப்பிடம் உண்மையைச் சொல்வதைத் தடுக்கும் வரியை நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

உரிமத்தையே ஏன் பறிப்பதில்லை?

வரி, வேலைவாய்ப்பு, செல்வாக்கு. இதற்கு மேல் பெரிய விளக்கம் தேவையில்லை. கனடாவின் டொரன்டோவில் ஒரு வங்கியின் உதவி மேலாளர் 1980க்கும் 1982க்கும் இடையில் ஒரு கோடி டாலருக்கு மேல் வங்கிப் பணத்தைக் கையாடி அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் இழந்தார். பெரும்பகுதி நியூஜெர்சி மாநிலத்தின் அட்லான்டிக் சிட்டியில் இருந்த சீசர்ஸ் விடுதியில். அவருக்கு ஆறு ஆண்டுச் சிறை. சீசர்ஸுக்கு நியூஜெர்சி ஆணையம் 1985இல் கொடுத்த தண்டனை, சூதாட்டக் கூடத்தை ஒரு நாள் மூடி வைப்பது.

சட்டவிரோதப் பந்தயக்காரரிடம் போன பணம்?

பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓஹ்தானியின் மொழிபெயர்ப்பாளர் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 1.7 கோடி டாலரைத் திருடிக் கலிபோர்னியாவின் சட்டவிரோதப் பந்தயக்காரர் ஒருவருக்கு அனுப்பினார். 2025 பிப்ரவரியில் 57 மாதச் சிறை. முழுத் தொகையையும் திருப்பித் தரும்படி உத்தரவு. மொழிபெயர்ப்பாளர் தன் வாழ்நாளில் அவ்வளவு சம்பாதிப்பாரா என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பந்தயக்காரர் தன் பணத்தை வைத்து உரிமம் பெற்ற விடுதிகளில் ஆடியதும் பின்னர் வெளியானது. நெவாடா ஆணையம் லாஸ் வேகாஸின் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் விடுதிக்கு 2025 மார்ச்சில் 1.05 கோடி டாலர் அபராதம் விதித்த விவகாரத்தில் அவரும் ஒருவர். இருட்டுச் சந்தையும் வெளிச்சச் சந்தையும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

சிங்கப்பூரில்?

ஆசியா பசிபிக் புரூவரீஸ் என்ற மதுபான நிறுவனத்தின் நிதி மேலாளர், 1999க்கும் 2003க்கும் இடையில் நிறுவனத்தின் பெயரில் போலி ஆவணங்களைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளிடம் 11.7 கோடி சிங்கப்பூர் டாலர் வாங்கினார். அப்போது சிங்கப்பூரில் காசினோ இல்லை. வெளிநாட்டு விடுதிகளில் பெரும்புள்ளியாக வலம் வந்தார். 2004இல் 42 ஆண்டுச் சிறை. வங்கிகள் சூதாடியவரின் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டன. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊழியரின் மோசடிக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றது. சரிபார்க்காமல் கடன் கொடுத்த நட்டத்தின் பெரும்பகுதி வங்கிகளின் தலையிலேயே விழுந்தது.

பிறகு 2010இல் காசினோக்களைத் திறந்தபோது, சிங்கப்பூர் ஒரு வித்தியாசமான ஏற்பாட்டைச் செய்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவதற்கே கட்டணம். முதலில் ஒரு நாளுக்கு 100 சிங்கப்பூர் டாலர், 2019 முதல் 150 டாலர். குடும்பத்தினர் விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் உத்தரவையும் பெறலாம். வீட்டில் யாரேனும் இந்தப் பழக்கத்தில் இருந்தால், அலுவலகப் பணத்தில் கை வைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

வருமானத்தை எல்லாம் கேட்பது தனியுரிமை மீறல் ஆகாதா?

பிரிட்டனில் இப்போது ஒரு மாதத்தில் நிகரமாக 150 பவுண்டுக்கு மேல் கட்டினால் நிறுவனம் பொதுவெளியில் கிடைக்கும் தகவல்களை, திவால் பதிவு போன்றவற்றை, பார்க்க வேண்டும். இதற்கே குதிரைப் பந்தய ரசிகர்களிடமிருந்து எதிர்ப்பு. அவர்களுடைய எரிச்சல் புரிகிறது; பொழுதுபோக்குக்காகச் சிறு தொகை கட்டுபவர் சம்பளச் சீட்டைக் காட்ட விரும்பமாட்டார். ஆனால் ஐந்து லட்சம் பவுண்டு கட்டியவரின் வழக்கைப் பேசும்போது இந்த வாதத்தைக் கேடயமாகப் பிடிப்பது நேர்மையாகாது.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் இன்றும் செல்லாது. அந்த வகையில் நம் சட்டம் 1991ஆம் ஆண்டின் லண்டனுக்கு நெருக்கமாக இருக்கிறது. "ஈடாக எதையும் கொடுக்கவில்லை" என்ற வாதத்தை இங்கே எழுப்ப இடம் உண்டு என்பதே என் கருத்து.

குற்றவியல் பக்கத்தில், ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு. திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ பெறுவது 317ஆம் பிரிவில் குற்றம். "நம்பக் காரணம் இருந்து" என்ற சொற்களைக் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டவருக்கும் அது பொருந்தலாம்.

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2022இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. பின்னர் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடில்லாமல் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். வங்கிகளும் அவற்றுக்குப் பணம் செல்ல உதவக் கூடாது. நல்லதுதான். ஆனால் வெளிநாட்டுச் செயலிக்குப் போன பணத்தை மீட்பதற்கு இந்தத் தடையால் ஒரு வழியும் பிறக்கவில்லை.

என் கடைப் பணத்தை ஊழியர் பந்தயத்தில் தொலைத்துவிட்டார் என்று இப்போதுதான் தெரிந்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவரைத் திட்டுவதைத் தள்ளி வையுங்கள். முதலில் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் பணம் எந்த நாளில் எந்த நிறுவனத்தின் கணக்குக்குப் போனது என்று குறியுங்கள். பணத்தின் தடத்தைக் காட்ட முடியாவிட்டால் மற்ற எதுவும் உதவாது.

அன்றே அந்தச் சூதாட்ட நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்: இன்னார் கணக்கில் வந்த பணம் திருட்டுப் பணம், இருப்பை முடக்கி வையுங்கள், பதிவுகளை அழிக்காதீர்கள் என்று. இந்தக் கடிதத்தின் பலன் பெரியது. அது போய்ச் சேர்ந்த நிமிடத்திலிருந்து "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாது. உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்தால் அந்த நாட்டின் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பிறகு காவல்துறை. உங்கள் அட்டையையோ யு.பி.ஐ. கணக்கையோ அனுமதியின்றிப் பயன்படுத்தியிருந்தால் 1930 என்ற சைபர் உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் இன்னும் நடுவழியில் இருந்தால் நிறுத்த வாய்ப்பு உண்டு. வழக்குப் பதிவான பின், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவின்கீழ், குற்றத்தால் கிடைத்த சொத்தை முடக்கிப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். விசாரணை அதிகாரி தாமாக அதைக் கேட்பார் என்று இருந்துவிடாமல், உங்கள் வழக்கறிஞர் மூலம் நினைவூட்டுங்கள்.

காப்பீடு உதவுமா?

ஊழியர் மோசடிக்கு எதிரான காப்பீட்டை ஏற்கெனவே எடுத்திருந்தால் உதவும். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இதைத் தனித் திட்டமாக விற்கின்றன. மோசடி தெரிந்த பிறகு எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பத்திரத்திலேயே இருக்கும். அந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டால், அந்த அளவுக்கு உங்கள் உரிமை அதற்கு மாறும். சூதாட்ட நிறுவனத்தின் மேல் வழக்குப் போடுவதா என்பதை அதற்குப் பிறகு அவர்கள் தீர்மானிப்பார்கள். எனவே நட்டஈடு கைக்கு வரும் முன், சூதாட்ட நிறுவனத்துடன் நீங்களாக எந்தச் சமரசத்திலும் கையெழுத்திட வேண்டாம்.